சாம்பல்ராஜா ரசிகன்

அண்ணாமலை நகர் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து சார்லஸ் போனில் வேகவேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தான்.

“யாருகூடடா சண்டை?” என்றான் ரூம்மேட் ஜெயப்பிரகாஷ்.

“அந்தப் படத்துல வர்ற வில்லன் சாம்பல்ராஜா பண்ணதுதான் நியாயமாம், மச்சான். ஊரையே கொளுத்துனவன் எப்படிடா நல்லவன்னு கேட்டேன். பதிலக் கேளு.” சார்லஸ் படித்துக் காட்டினான்.

‘செத்த புள்ளைய திரும்பக் கொண்டாரத்தான அவுரு கொளுத்துனாரு? அதுல என்னடா தப்பு? கடலூர் கடையில அவுரு பொம்மதான் மொதல்ல தீருது, தெரியுமா?’

ஜெயப்பிரகாஷ் சிரித்தான். “வில்லனுக்குப் போயி ‘அவுரு’ன்னு இவ்ளோ மரியாதையா? யாருடா அந்த ரசிகன்?”

சார்லஸ் போனைத் திருப்பிக் காட்டினான். மேலே இருந்த பெயரைப் படித்ததும் ஜெயப்பிரகாஷின் சிரிப்பு நின்றுபோனது.

“அறிவுமதியா? டேய், போன மாசம் கம்மாபுரத்துல அந்தப் பொம்மைய அவன் கையில வச்சி நாமதானடா மண்ணு போட்டோம்!”

“அவுங்க அம்மாடா. அவன் போன்லேருந்து அவனாட்டமே பேசுறாங்க. அறிவு ஒருநாளும் வில்லன ‘அவுரு’ன்னு சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. அதான் சண்ட போட்டுக்கிட்டே இருக்கேன்.”

மறுபடி மெசேஜ் வந்தது.

‘அடுத்த பாகத்துல அந்தப் புள்ள உசுரோட வந்துருவானாப்பா?’

சார்லஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அழிந்தது. அதே இடத்தில் வேறொன்று வந்தது.

‘வந்துருவானாடா மச்சான்?’