ரெண்டு கவரு

ஜெபஷீலாவுக்குக் கிட்னி, மூட்டு, கண்ணு மூணுலயும் சீக்கு. மதுரை ஆஸ்பத்திரியில மூணு டாக்டரும் வேற வேற நாள்லதான் பாப்பாக. வாரம் மூணு நாளு நரிக்குடியில பஸ்ஸு ஏறுனா பத்தாவது எப்பப் படிக்க?

"ஒரே நாள்ல பாக்கச் சொல்லிப் பெரிய டாக்டருக்கு மனு போட்டியேடி, பதில் வந்துச்சா?" அக்கா ஏஞ்சலின் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துருச்சு.

"அக்கா, ஞாயித்துக்கெழம சர்ச்சுல ஜெபம் எழுதிப் போடுற பெட்டியத் தொறந்து, 'மதிப்பிற்குரிய டாக்டர் அய்யா'ன்னு பாஸ்டர் வாசிச்சாகல்ல?"

"சபையே சிரிச்சுச்சே! எந்தக் கிறுக்கி... ஏடி, நீதானா?"

"கவரு மாறிப்போச்சுக்கா. 'ஆண்டவரே, மூணு டாக்டருக்கும் ஒரே நாள்ல பாக்குற நல்ல புத்தியத் தாரும்'னு எழுதுன ஜெபம் எம் அட்ரஸு எழுதுன கவருல பெரிய டாக்டருக்குத் தபால்ல போயிருச்சு. இனி வைத்தியமே பாக்கமாட்டாக!"

பத்து நாள்ல ஆஸ்பத்திரியிலருந்து கார்டு வந்துச்சு. "இனி மூன்று டாக்டர்களும் வியாழக்கிழமையே பார்ப்பார்கள்."

பெரிய டாக்டர் கையெழுத்துக்குக் கீழ, "ஆமென்."