தேங்கி நின்ற துடிப்பு

அப்பாவின் நாடித்துடிப்பைக் கோப்பில் பதிய, மகளே ‘சி’ மொழியில் ஒரு கணினி நிரல் எழுதியிருந்தாள். அவர் உயிர் போன நேரத்தில் அவளும் அம்மாவும் அறையில் இல்லை. பிறகு பார்த்தால் கோப்பு பாதியில் நின்றிருந்தது.

“கடைசியில ரொம்பத் தவிச்சாராடி?” என்று அம்மா கேட்டாள்.

“மிச்சம் இன்னும் மெமரியில தேங்கி நிக்குதும்மா. ஃப்ளஷ் பண்ணினா ஃபைல்ல வந்து விழும்.”

மகள் ஆணையைத் தட்டினாள். அறுபது, நாற்பது, இருபது, பூஜ்யம். அமைதியான இறக்கம்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் காலியாகிவிட்டதா என்று பார்க்க மகள் மறுபடி தட்டினாள். எழுபத்திரண்டு என்று வந்தது. இன்னொரு முறை தட்டினாள். எழுபத்து மூன்று. துடிப்பை அளக்க அவர் விரலில் மாட்டியிருந்த கிளிப், வயர் பிடுங்கப்பட்டு மேசைமேல் கிடந்தது.

நிரலை நிறுத்தப் போன அவள் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“வேணாண்டி. அவர் பாட்டுக்கு இருக்கட்டும்.”