ட்ரேஸுக்கு எந்த வரலாறு?

"கையை எடு ட்ரேஸ். அதை அழுத்திடாதே."

நூலகர் போனில் விஷயத்தைச் சொன்ன மறுநிமிடமே ஓடிவந்திருந்தாள் வரலாற்று ஆசிரியை அனிக்கா. கம்ப்யூட்டர் முன் குனிந்திருந்தவனின் தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் அசைந்து கொடுக்கவில்லை. பள்ளி ஃபுட்பால் அணியில் முன்வரிசையைத் தாங்கும் தோள் அது.

அடுத்த வருடம் ட்ரேஸ் பதினோராம் வகுப்பு. அமெரிக்க வரலாற்றை யாரிடம் படிப்பது என்று இன்று நூலகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாக வேண்டும். ஃபுட்பால் கோச் ப்ரூயிட் நடத்துவது சாதாரண வரலாறு. அணியே அங்கேதான் உட்காரும். அனிக்கா நடத்துவது கல்லூரித் தர வரலாறு. வாரம் தவறாமல் கட்டுரை, படித்து மாளாத பக்கங்கள்.

அவன் விரல் அனிக்காவின் பெயர்மேல் நின்றது.

"பிரெஞ்சுப் புரட்சி எந்த ஊர்ல ஆரம்பிச்சதுன்னு பரீட்சையில எழுதினே?"

"டல்லஸ், மேம்."

மினசோட்டாவிலிருந்து புதிதாக வந்திருந்த அனிக்காவுக்கு டெக்சஸில் முதலில் பாடமான சங்கதி இதுதான்: ஒரு பாடத்தில் பெயிலானால் மூன்று வாரம் மைதானத்தில் இறங்கக் கூடாது. பதினோராம் வகுப்பு சீசனில்தான் கல்லூரிகளிலிருந்து ஆள் பொறுக்க வருவார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? அப்பாவுக்கு எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஆடினால்தான் இவனுக்குக் கல்லூரி.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். தலையாட்டினான். அந்த வகுப்பில் ஏதாவது பெண் சேர்கிறாளா என்று கேட்டதற்கு இல்லையென்றான். அம்மாவின் பிடிவாதமா? அம்மாவுக்கு இது தெரியவே தெரியாதாம்.

"பின்னே எதுக்குப்பா இந்த விஷப்பரீட்சை?"

ட்ரேஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "உங்க கிளாஸ்ல பெயிலானாலும் பரவால்ல மேம். உங்க கிளாஸ்தான் வேணும்."

அழுத்திவிட்டான்.

அனிக்கா அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். இப்படி ஒரு வார்த்தை கேட்பதற்காக எத்தனை ஆசிரியர்கள் காலம் முழுக்கக் காத்திருக்கிறார்கள்! ஆனால் கோச் இவனைச் சும்மா விடுவாரா? தானே பேசிவிடலாம் என்று மைதானத்துக்கு நடந்தாள்.

பயிற்சி நேரம். பந்துகள் புல்லில் கிடந்தன. பையன்கள் ஒருவரையும் காணோம். கோச் மட்டும் தனியாகச் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார்.

ட்ரேஸைத் திட்ட வேண்டாம், அவனுக்குள் ஏதோ ஒரு தேடல் முளைத்திருக்கிறது, சனிக்கிழமைகளில் நானே உட்கார்த்திச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று மூச்சு விடாமல் கொட்டினாள்.

கோச் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினார்.

"நான் ஏன் மேம் திட்டறேன்? அனுப்பினதே நான்தானே."

"நீங்களா?"

"என் கிளாஸ்ல அவன் பெயிலானா நான் பெயில்தான் போடணும். மார்க்கைத் திருத்தினா என் வேலை போயிடும். பையன் மூணு வாரம் பெஞ்ச்ல. உங்களுது கஷ்டமான கிளாஸ் பாருங்க, அதுக்கு அந்த ரூல்ல விலக்கு உண்டு. நீங்க முட்டையே போட்டாலும் வெள்ளிக்கிழமை மேட்ச்ல அவன் ஆடலாம்."

வெறிச்சோடிக் கிடந்த மைதானத்தை அனிக்கா மறுபடி பார்த்தாள்.

"மத்த பசங்களா?" என்றார் கோச். "அவங்களும் லைப்ரரிக்குத்தான் போயிருக்காங்க, மேம்."