குதிரையை எங்கே கட்டுவது?

“அவ ஏன் இன்னும் ஓடல? முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார் சம்பந்தமூர்த்தி சார், கையிலிருந்த நாவலை மேசையில் தட்டி.

ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார் அவர். நூலகத்தின் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் எப்போதும் முதலில் பேசுகிறவர். இந்த முறை எடுத்துக்கொண்ட நாவல் ‘செம்புழுதி’. கௌபாய்கள், துப்பாக்கிகள், நடுவில் கொஞ்சம் மாய மந்திரம். ஊரையே அடக்கி வைத்திருக்கும் பண்ணைக்காரனுக்கு ஒரு சக்தி உண்டு. அவன் நிழல் அவனை விட்டு இறங்கித் தனியாகக் காவலுக்குப் போகும்.

அருணாதேவி தலையைத் தூக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவள் புருஷன் மணிவேல் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுடைய போன்.

கொஞ்ச நாளாக எங்கே போனாலும் கூடவே வருகிறான். இனி அவள் வெளியே வருவதே கிடையாது. நாளைக் காலையில் சாமான்களை அவன் வேனில் ஏற்றிக்கொண்டு, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி நிலத்துக்கு நடுவில் இருக்கும் தனி வீட்டுக்குப் போகிறார்கள். அக்கம்பக்கம் ஒரு வீடு இல்லை. கேட் சாவி தன்னிடம்தான் இருக்கும் என்று நேற்று சொன்னான். ஏன் என்று கேட்டுவிட்டாள். அதனால்தான் இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை.

“எப்படி சார் ஓடுவா? வாசல்ல அந்த நிழல் நிக்குதே” என்றாள் நூலகர் ராஜராஜேஸ்வரி. “ரோசா பாவம், தனியா என்ன செய்வா?”

“பின்பக்கம் வழி இருக்கில்ல? தண்ணி குடிக்கற மாதிரி போகட்டும்” என்றாள் பால் பூத் வைத்திருக்கும் சந்திரம்மாள். “கையில மட்டும் ஒண்ணும் எடுக்கக் கூடாது. பையைத் தூக்கினா நிழலுக்கு மூக்கு வேர்த்துடும்.”

“அவ சர்ட்டிபிகேட்டெல்லாம் அவன் பீரோவுலதானே இருக்கு?” அருணாதேவியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மணிவேல் நிமிர்ந்தான். “கௌபாய் ஊர்ல ஏதுடி சர்ட்டிபிகேட்டு?”



“ரோசா டீச்சர், தம்பி” என்றாள் ராஜராஜேஸ்வரி சட்டென்று. “அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். காகிதம் போனா வேற வாங்கிக்கலாம் அருணா, உசிரு போனா வாங்க முடியுமா?”

“ரயில் ஏத்தி விட்டாப் போதும். அந்தப் பக்கம் அவ அக்கா நிப்பா” என்றார் சார்.

மணிவேல் போனைக் கவிழ்த்து வைத்தான். அருணாதேவி மேசைக்கு அடியில் கைகளை இறுக்கிக்கொண்டாள். எழுந்திருடி, போலாம் என்று சொல்லப் போகிறான்.

“குதிரை எங்க நிக்குது?” என்று கேட்டான்.

சந்திரம்மாள் சாரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“பின்வாசல்லதான்” என்றாள் சந்திரம்மாள் மெதுவாக.

“சுத்தப் பேத்தல். பின்வாசல்ல கட்டினா கனைக்காதா? உள்ள இருக்கறவன் செவிடா? சத்தம் ஜாஸ்தியா இருக்கற இடமாப் பார்த்துக் கட்டணும். கொல்லன் பட்டறை மாதிரி. எழுதினவனுக்கு மூளை கம்மி.”

சம்பந்தமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க சொல்றதுதான் சரி தம்பி. எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க.”

மணிவேல் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தான்.

சந்திரம்மாள் எழுந்தாள். “பால் வண்டி வர்ற நேரம். பௌர்ணமி வேற, ரோட்டை அடைச்சுடுவாங்க. நீங்க பேசிட்டிருங்க.”

“அப்போ நிழலை என்ன சார் பண்றது?” என்றாள் ராஜராஜேஸ்வரி.

“அதுக்கு ஒரு குணம் இருக்கும்மா. அது பெருமையை அதுகிட்டயே பேசினா திரும்பிப் பார்க்காது.” சார் மணிவேல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஆமா, நிலத்துல என்ன தம்பி போட்டிருக்கீங்க?”

“மல்லாட்டை சார். சுத்துப்பட்டுல நம்மளுதுதான்...”

அவன் தன் வேர்க்கடலைப் பெருமையை மூச்சு விடாமல் பேசினான். அருணாதேவி காத்திருந்தாள்.

“என்னங்க, தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

அவள் பை நாற்காலியில் இருக்கிறதா என்று பார்த்தான். வாசலில் கழற்றிவிட்ட அவள் செருப்பையும் எட்டிப் பார்த்தான். “சீக்கிரம் வா.”

பின்பக்கம் தண்ணீர்க் குடத்தைத் தாண்டிச் சந்து. வெறுங்கால் சுட்டது. தெருவில் கிரிவலம் கிளம்பியவர்கள் எல்லோருமே வெறுங்காலோடுதான் போனார்கள். ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் மாவு மில் இரைந்துகொண்டிருந்தது. அதை ஒட்டிச் சந்திரம்மாள் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்தே வைத்திருந்தாள். அந்த இரைச்சலில் வண்டிச் சத்தம் பக்கத்தில் நின்ற அருணாதேவிக்கே கேட்கவில்லை.

சார் சொன்ன ரயில் இதுதான், அக்கா இருக்கும் வேலூருக்குப் போகும் பஸ். போளூரைத் தாண்டிய பிறகும் அவள் ஜன்னல் ஷட்டரைத் தூக்கவில்லை. பின்னால் அவன் வேன் வருகிறதா என்று பார்க்கவும் பயம். இந்நேரம் மணிவேல் ‘செம்புழுதி’யைப் பிடுங்கி, ரோசா எந்த ஊருக்கு ஓடினாள் என்று பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருப்பான்.

தேடட்டும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்த நாவலில் பெண் என்று ஒருத்திகூடக் கிடையாது.