மாயாண்டிக்கு ஆகாத வார்த்தை

"இன்னைக்கு ஒரு நாளு மட்டும் வாயக் கட்டிக்கிட்டு இருங்க. அவன் என்ன சொன்னாலும் உங்க காதுல விழுகல. கும்பிட்டுக் கேக்குறேன்," என்றாள் பஞ்சாலை, மகள் நீலாவதியின் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தபடி.

"எவனோ வந்து கிளிங்னு கூப்பிடுவான், நான் பல்ல இளிச்சுக்கிட்டு நிக்கணுமா?" மாயாண்டி எகிறினான்.

"நிக்கத்தான் வேணும். நீங்க எகிறுனா நம்ம வீட்டுல ஒரு உசிர அந்த லாரியில ஏத்திருவான். அப்புறம் நான் யாருகிட்டப் போயி அழுவேன்?"

மாயாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். கிளிங்! தமிழனை மட்டம் தட்டுவதற்கென்றே இந்த மலாயாவில் வைத்திருக்கும் பேர். அதைக் கேட்டாலே அவனுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரியும். போன வருஷம் லுக்குட் டவுனில் ஒரு கடைக்காரன், "ஓய் கிளிங், தள்ளி நில்லு" என்று சொன்னதற்கு அவன் வெங்காயக் கூடையைத் தூக்கி ரோட்டில் கொட்டிவிட்டு, ஒரு ராத்திரி லாக்கப்பில் கிடந்துவிட்டு வந்தவன்.

லயத்து வீடுகளுக்கு வெளியே விசில் ஊதினார்கள். பஞ்சாலை, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போடுவதுபோல் மகளுக்கு முக்காடு போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திடலில் தோட்டத்துச் சனம் முழுக்க நின்றது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு இங்கிருந்து சோறு போகிறதாம். அதனால் தோட்டத்துச் சீனர்கள் எல்லாரையும் லாரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமத்தில் அடைக்கப் போகிறார்களாம். யார் சோறு கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று ஒரு கேள்வி உண்டா? கிடையாது. சீனன் என்றால் கம்யூனிஸ்ட், தமிழன் என்றால் குடிகாரன். தீர்ந்தது விசாரணை!

"கிளிங் சினி! சீனா சானா!" வெள்ளைக்கார அதிகாரி பிரம்பை நீட்டிக் கத்தினான். கிளிங் இந்தப் பக்கம், சீனன் அந்தப் பக்கம்.

"கேட்டியா மண்டோரே?" மாயாண்டி பல்லைக் கடித்தான். "மாட்டைப் பிரிக்கிற மாதிரி பிரிக்கிறான்."

"விடுய்யா, வெறும் பேருதானே," என்றார் கூலிகளை மேய்க்கும் மண்டோர் அர்ச்சுனன். "சொன்னா உடம்புல ஒட்டிக்கவா போகுது? நம்ம ஆளுங்க மட்டும் என்ன யோக்கியமாம்? சீனனைச் சப்ப மூக்கன்னு சொல்லலையா?"

"ஊரு சொல்லும். என் வாயில அது வந்திருக்கா? என் வீட்டு வாசல்ல எவனையாச்சும் சொல்ல விட்டிருக்கேனா?"

"அது சரி. உன்னை மாதிரி எல்லாரும் இருக்க முடியுமாய்யா?" மண்டோர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் கீரைத் தோட்டத்து ஆ லான், ஒரு தகரப் பெட்டியோடு நின்றாள். ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவள். வாரம் தவறாமல் மாயாண்டி வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கீரை வைத்துவிட்டுப் போகிறவள். இன்றைக்கு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இவளா கம்யூனிஸ்ட்? நாசமாய்ப் போக!

அதிகாரி வரிசையில் வந்து மாயாண்டி முன்னால் நின்றான். பிரம்பால் அவன் நெஞ்சில் தட்டினான். "ஓய் கிளிங், கள்ளா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்தான். கள்ளுக்கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன் மாயாண்டி. அவன் கைவிரல்கள் மடங்கின. பஞ்சாலை அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாள்.

"சாமி, வேணாம்," என்று முணுமுணுத்தாள்.

மாயாண்டி விழுங்கிக்கொண்டான். அதிகாரி அடுத்தடி எடுத்து வைத்தான். போனவன் நின்றான், திரும்பினான், பிரம்பு நுனியால் நீலாவதியின் முக்காட்டைத் தள்ளிவிட்டான். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"சீனா!" என்றான். "லாரி!"

ஒரு கான்ஸ்டபிள் வந்து பிள்ளையின் கையைப் பிடித்தான். "அப்பா!" என்று அவள் வீறிட்டாள்.

மாயாண்டி குறுக்கே பாய்ந்தான். போச்சு, அடிக்கப் போகிறான் என்று மண்டோர் கண்ணை மூடிக்கொண்டார். மாயாண்டி அடிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

"கிளிங், துவான்! நான் கிளிங்! என் பொண்டாட்டி கிளிங்! இவளும் கிளிங்! பாருங்க துவான், எல்லாம் கிளிங்!"

"ஆமா துவான், கிளிங்," என்றார் மண்டோர். வரிசை முழுக்க அதையே சொன்னது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தான். கான்ஸ்டபிள் பிடியை விட்டான்.

நீலாவதி அப்பனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். "அது கெட்ட வார்த்தை, யாரு சொன்னாலும் விடக் கூடாதுன்னு சொன்னியேப்பா?"

மாயாண்டி அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தான். அவன் கண் லாரியிலேயே இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பெற்ற பச்சை மண்ணைத் துணியில் சுற்றிப் பஞ்சாலை மடியில் போட்டவள், இப்போது அந்தப் பிள்ளையின் குரல் கேட்டும் ஏறிட்டுப் பார்க்காமல், இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தாள், ஆ லான்.