துண்டுக்குள் நாலு விரல்

என் இதயத்துக்கு மைதீன் பிச்சை வைத்த விலை நாலாயிரம் ரூபாய். அதை வாயால் சொல்லவில்லை. மாட்டுத்தரகர் குடும்பத்தில் பிறந்தவர். இதயத்துடிப்பு காட்டும் ஓட்டக் கடிகாரம் விற்றாலும் கைகளைத் துண்டால் மூடி, ஆயிரத்துக்கு ஒரு விரல் பிடித்துத்தான் பேரம். என் நாலு விரலை அழுத்தினார். நான் அவருடைய இரண்டை மட்டும் பிடித்தேன். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் என் இடது மணிக்கட்டில் அவரே கட்டிவிட்ட கடிகாரம் என் துடிப்பைக் காட்டிக்கொடுத்தது: 88, 97, 109.

"ஆசை ஏறுது அண்ணாச்சி. இனி வெல எறங்காது."

"ஓடும்போது நூத்திருவதைத் தாண்டினா நின்னுரணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு பாய். ஓடுறதுக்கு முன்னாடியே கொன்னுராதீங்க." கழற்றி அவர் கையில் கட்டினேன். "இப்பப் பேசுங்க."

துண்டுக்குள் வெதுவெதுப்பான குளத்தில் மீன்கள் உரசுவதுபோல விரல்கள் உரசின. அவர் மூன்றுக்கு இறங்கினார். அவர் மணிக்கட்டில் பச்சை எண் மட்டும் ஏறியது: 118, 131, 146. தணியட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். மின்விசிறி சுற்றியது. எண் தணியவில்லை.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றார் மெல்ல. தன் சரக்கை அவரே குறைசொல்லி அன்றுதான் கேட்டேன்.

விரலை விடாமல் அவரை எழுப்பினேன். துண்டு மூடிய கைகளோடே வெயிலில் மிதப்பதுபோல் நடந்து டாக்டர் வாசலை அடைந்தோம். கடிகாரம் கணக்குச் சொன்னது: முந்நூற்றுப் பன்னிரண்டு அடி, அத்தனையும் அவர் பெயரில். கூடவே நடந்த என் அடிகள் எதிலும் ஏறவில்லை.