வெறுங்குரல்

ரூபனின் மெல்லிசைக் குழுவில் அமலோற்பவம் கடைசியாகப் பாடிய பாட்டில் ஒரு சொல்லும் கூட்டத்துக்குப் புரியவில்லை. மைக்செட் மிக்சரில் எக்கோவை முழுக்கத் திருகிவைக்கச் சொன்னவன் ரூபன்தான். கூட்டம் ஊளையிட்டது. மறுவாரமே அவள் இடத்தில் தன் மனைவியைப் பாடவைத்தான். அதன்பின் அமலோற்பவம் பாடவில்லை. மைக்செட் வேலையைக் கற்றுக்கொண்டாள்.

இன்று மாதா கோயில் திருவிழா மேடையில் ரூபன் பாடுகிறான். மிக்சரின் முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்கு வயதாகிவிட்டது. மேல்சுருதியில் குரல் பிசிறுவதை எக்கோவும் வாத்தியங்களும் மூடிக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அவள் முதலில் எக்கோவை அணைத்தாள். வாத்தியங்கள் அத்தனையையும் ஒரே ஃபேடரில், ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுவிசையில், சேர்த்து வைத்திருந்தாள். அதை மெல்லக் கீழே இழுத்தாள். ஒலிபெருக்கியில் அவன் குரல் மட்டும் தனியாக நின்றது, உரித்த கோழியைப்போல.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பின்வரிசை வரை போனது. ரூபன் பாடிக்கொண்டே அவளைப் பார்த்துக் கும்பிட்டான்.

“யம்மா, அவரு ஒங்களத்தான் கும்பிடுதாரு. சத்தத்த ஏத்தி வைங்க,” என்றார் பக்கத்தில் நின்ற விழாக் கமிட்டிக்காரர்.

“பாடட்டும்ணே,” என்றாள் அமலோற்பவம். “இன்னும் ரெண்டு சரணம் கெடக்கு.”

ஃபேடரிலிருந்து விரலை அவள் எடுக்கவில்லை.